மெட்ராஸ் ரயில்வே இன்ஜினியரின் பேரன்

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகாதவர்கள் நம் பழைய மாணவர்களில் யாருமே இருக்க முடியாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த ரயிலை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனியில் பிற்காலத்தில் தலைமை இன்ஜினியராக இருந்தவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி என்கிற ஐரிஷ்காரர். துங்கபத்ரா நதியின் மேல் ரயில் பாலம் கட்டியவர். நம் ஊர் வெயில் அவரை என்ன பாடு படுத்தியதோ, சத்தம் போடாமல் சுற்றும் பங்கா சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்து, காப்புரிமையும் வாங்கி வைத்தார். அவருடைய மகள் எத்தெல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார். அந்த அம்மாளின் இளைய பிள்ளைதான் ஆலன் டியூரிங்.

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் பரீட்சைக்கு வருகிற பெயர். டியூரிங் மெஷின் என்று நாடா, கட்டம், தலை எல்லாம் வரைந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த மலருக்காக அவர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. இன்று ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டத்தை நிறுத்தாமல் கம்பைலரைக் கூப்பிட்டு, அந்த நிமிஷம் வரை உலகத்திலேயே இல்லாத ஒரு புதுப் புரோகிராமைச் செய்யச் சொல்லி, அதையும் ஓட்டிப் பார்த்துவிட முடிகிறது. ஜாவாவில் 2006 முதல் இதற்கென்றே வசதி கொடுத்திருக்கிறார்கள். பைத்தானில் இரண்டு வரி. நம் பிள்ளைகள் புராஜெக்டில் இதைச் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். இது எப்படி முடிகிறது என்பதற்கும், இதில் என்ன வில்லங்கம் என்பதற்கும் பதில் அந்த ஒரே மனுஷரிடம் இருக்கிறது. அதுவும், உலகத்தில் ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாத காலத்திலேயே சொல்லிவிட்டார்.

காமர்ஸ், தமிழ் இலக்கியம் படித்த நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய மெட்ராஸ் துறைமுகத்தில் துபாஷிகள் இருந்தார்கள் அல்லவா, இரண்டு பாஷை தெரிந்த இடைத்தரகர்கள்? கப்பல்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு பேச்சையும் அங்கேயே மாற்றிச் சொல்வார் ஒரு துபாஷி. அவர் நகர்ந்தால் பேரம் நின்றுபோகும். கம்ப்யூட்டரில் அவருக்கு இன்டர்பிரெட்டர் என்று பெயர். இன்னொருவர் ஒப்பந்தத்தை முழுசாக வாங்கி உட்கார்ந்து, மொத்தமாக மொழிபெயர்த்து எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் கம்பைலர். நாம் எழுதுகிற புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற ஆணைகளாக மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. பேரம் பாதி நடக்கும்போது கப்பலிலிருந்து ஒரு புதுக் கடிதம் வருகிறது. உடனே ஆளை அனுப்பி அந்த மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்து, கடிதத்தை மாற்றி எழுதி வாங்கி, அதில் உள்ளபடி பேரத்தைத் தொடருகிறார்கள். நான் சொல்ல வருகிற விஷயம் இவ்வளவுதான். இந்தக் கடிதம் யார் எழுதியது, அதில் என்ன இருக்கிறது என்கிற கேள்வியைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ஆலனின் அப்பா ஜூலியஸ் டியூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. உத்தியோகத்துக்காகத் தமிழ் படித்து, 1896-ல் மெட்ராஸ் வந்து சேர்ந்து, மாகாணத்தின் பல ஜில்லாக்களில் வேலை பார்த்தவர். 1907-ல் ஊர் திரும்புகிற கப்பலில் ஸ்டோனியின் மகளைச் சந்தித்து அதே வருஷம் கல்யாணம் செய்துகொண்டார். மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த, இன்று ஒடிசாவில் உள்ள சத்ரபூரில் குடும்பம் இருந்தபோது அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியது. லண்டனுக்குப் போனார். 1912 ஜூன் 23 அன்று ஆலன் பிறந்தான்.

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகள் பட்ட கஷ்டம் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்தியாவில் வைத்தால் சீக்கு வரும் என்று பயந்து, ஆலனையும் அண்ணனையும் இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மெட்ராஸ் திரும்பினார்கள். லீவுக்கு வரும்போதுதான் பிள்ளைகள் முகம் பார்ப்பது. ஆலன் ஒரு நாளும் நம் ஊருக்கு வந்ததில்லை. ஆனாலும் அவனுடைய குழந்தைப் பருவத்தில் பெரும் பகுதி மெட்ராஸிலிருந்து வருகிற தபாலுக்காகக் காத்திருந்த காலம்தான். மகனை விட்டுவிட்டு வந்த அந்த அம்மாவும் இப்படித்தான் சிறு வயதில் தென்னிந்தியாவிலிருந்து அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு வளர்ந்தவர்.

பள்ளிக்கூடத்தில் ஆலன் நல்ல பையன் என்று பேர் எடுக்கவில்லை. கையெழுத்து கோழி கிறுக்கல், சட்டையெல்லாம் மை. 1926-ல் புதுப் பள்ளியில் சேர வேண்டிய நேரத்தில் இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் வந்து ரயில் ஓடவில்லை. பையன் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து சைக்கிளிலேயே சுமார் 60 மைல் மிதித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பள்ளியில்தான் கிறிஸ்டோபர் மார்காம் என்ற நண்பன் கிடைத்தான். கணக்கும் விண்மீனும் என்று இருவரும் பேசிப் பேசிப் பழகினார்கள். 1930 பிப்ரவரியில் மார்காம் காசநோயில் இறந்துபோனான். அந்தச் சோகம் ஆலனை விட்டு அகலவே இல்லை. மனம் என்பது உடம்பு என்கிற இயந்திரத்துக்குள் எப்படி இருக்கிறது என்று அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அங்கே ஆரம்பித்தது என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் நினைக்கிறார்கள்.

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1935-ல், 22 வயதில், அங்கேயே ஃபெலோ. அந்த வருஷம் மாக்ஸ் நியூமன் நடத்திய வகுப்பில் ஒரு கேள்வி காதில் விழுந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் நிரூபிக்க முடியுமா முடியாதா என்று இயந்திரம் மாதிரி சொல்லிவிடக்கூடிய ஒரு பொது முறை உண்டா? ஹில்பர்ட் என்கிற ஜெர்மன் மேதை எழுப்பிய கேள்வி அது. எல்லோரும் இயந்திரம் மாதிரி என்பதை ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். டியூரிங் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சரி, இயந்திரம் என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் கற்பனை செய்த இயந்திரம் ரொம்ப எளிமை. கட்டம் கட்டமாகப் பிரித்த நீளமான ஒரு காகித நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்க, எழுத, அழிக்க ஒரு தலை. இந்த நிலையில் இந்த எழுத்தைப் பார்த்தால் இதைச் செய் என்று ஓர் அட்டவணை. கூட்டல் போட ஒரு அட்டவணை, பெருக்க வேறு அட்டவணை. வேலை மாறினால் இயந்திரமே வேறு.

இங்கேதான் அந்தப் பெரிய திருப்பம். அட்டவணை என்பதும் எழுத்துதானே? அதையும் நாடாவில் எழுதலாமே? அப்படி எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அதன்படியே நடக்கிற ஒரே ஒரு பொது இயந்திரம் செய்துவிட்டால் போதும். மற்ற எல்லா இயந்திரங்களின் வேலையையும் அது ஒன்றே செய்துவிடும். செய்ய வேண்டிய கணக்கும் ஒரே நாடாவில், எப்படிச் செய்ய வேண்டும் என்ற ஆணையும் அதே நாடாவில், ஒரே எழுத்தில். சரியாகச் சொன்னால் இது கம்பைலர் அல்ல, இன்டர்பிரெட்டர், அதாவது முதல் வகை துபாஷி. ஆனால் வாசல் திறந்துவிட்டது. நாடாவில் எழுதத் தெரிந்த இயந்திரத்துக்கு ஆணைகளையும் எழுதத் தெரியும் அல்லவா? ஒரு புரோகிராமின் விடை இன்னொரு புரோகிராமாக இருக்கலாம்.

1936-ல் வெளியான அதே கட்டுரையில் இரண்டாவது குண்டையும் போட்டார். ஒரு இயந்திரத்தின் அட்டவணையைப் பார்த்தே, இது வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டு போகுமா, எங்காவது மாட்டிக்கொண்டு சுற்றுமா என்று முன்கூட்டியே சொல்லும் பொது முறை எதுவும் இருக்கவே முடியாது என்று நிரூபித்தார். நிரூபணத்தின் சாரத்தை இன்றைய பாணியில் இப்படிச் சொல்லலாம். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் இது நிற்கும், இது நிற்காது என்று தப்பே இல்லாமல் சொல்லும் ஒரு இன்ஸ்பெக்டர் புரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு குறும்புக்காரப் புரோகிராம் எழுதுகிறேன். அது முதலில் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுத் தன்னைப் பற்றியே கேட்கும். நிற்கும் என்று அவர் சொன்னால் நிற்காமல் சுற்றும். நிற்காது என்றால் உடனே நின்றுவிடும். இன்ஸ்பெக்டர் எதைச் சொன்னாலும் தப்பு. ஆகவே அப்படி ஒரு இன்ஸ்பெக்டர் கிடையாது. இதற்கும் ஆதாரம் முதலில் சொன்ன அதே சங்கதிதான் என்பதைக் கவனியுங்கள். புரோகிராமையே இன்னொரு புரோகிராமுக்குத் தீனியாகக் கொடுக்க முடிவதால்தான் இந்தக் குறும்பு சாத்தியமாகிறது. வரமும் சாபமும் ஒரே கட்டுரையில் வந்தன.

அதன்பின் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் போய், அலன்சோ சர்ச்சிடம் 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வெறும் காகிதக் கணக்கர் என்று நினைக்க வேண்டாம். அங்கே பௌதிகத் துறை பட்டறையில் தானே ரிலே சுற்றி, மின்சாரத்தில் பெருக்கல் போடும் கருவி ஒன்றின் சில பகுதிகளைச் செய்து பார்த்தார். கை அழுக்கானால் கௌரவம் போய்விடும் என்று நினைத்தவர் இல்லை.

யுத்தம் வந்தது. 1939 செப்டம்பர் 4 அன்று பிளெச்லி பார்க்கில் சேர்ந்தார். ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க பாம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்த கதை சினிமாவாகவே வந்துவிட்டதால் இங்கே விஸ்தரிக்கவில்லை. அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளின் செய்திகளை உடைத்த பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்பதை மட்டும், துறைமுகத்தை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பழக்கவழக்கங்கள் விசித்திரம். மகரந்த ஒவ்வாமைக்குப் பயந்து விஷவாயு முகமூடியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். சைக்கிள் செயின் இத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கழன்று விழும் என்று எண்ணி வைத்து, விழுவதற்குள் இறங்கிச் சரி செய்துகொள்வார். செயினை மாற்றினால் தீர்ந்தது! பணத்துக்கு மதிப்பு போய்விடும் என்று வெள்ளிக் கட்டிகள் வாங்கி அக்கம்பக்கத்தில் புதைத்து வைத்தார். பிறகு தோண்டப் போனால் இடம் தெரியவில்லை. கடைசி வரை கிடைக்கவே இல்லை.

யுத்தம் முடிந்ததும் 1945-ல் லண்டனுக்கு அருகே டெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்தக் கற்பனை நாடாவை நிஜ இயந்திரமாகக் கட்ட வேண்டும் என்பது திட்டம்.

எண்ணூர் லேலண்டிலோ திருவொற்றியூர் என்ஃபீல்டிலோ வேலை பார்த்த நம் நண்பர்களுக்கு அன்றைய நிலைமை சட்டென்று விளங்கும். பிரஸ்ஸில் வேறு பாகம் அடிக்க வேண்டுமென்றால் டையைக் கழற்றி வேறு டை மாட்டி, செட்டிங் பார்த்து, முதல் பீஸை அளந்து... பாதி ஷிஃப்ட் போய்விடும். 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டிய எனியாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். புதுக் கணக்கு போட வேண்டுமானால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி, நாள்கணக்கில் ஆகும். டியூரிங் 1946 ஆரம்பத்தில் சமர்ப்பித்த ஏ.சி.இ. என்ற இயந்திரத்தின் திட்ட அறிக்கையில் ஒயரை யாரும் தொட வேண்டியதில்லை. பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித் துடிப்புகளாக எண்களும் இருக்கும், ஆணைகளும் இருக்கும். நினைவகம் ஒன்றே. சேமித்த ஆணை என்கிற எண்ணத்தை முந்தைய வருஷமே அமெரிக்காவில் வான் நாய்மன் எழுதி வெளியிட்டிருந்தார். டியூரிங்கும் அதைப் படித்திருந்தார். ஆனால் அதன் விளைவுகளை டியூரிங் போன தூரத்துக்கு அன்று வேறு யாரும் எடுத்துப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எப்படி என்றால், இப்படி ஆனால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்று கிளை பிரிக்கத் தனியாக ஒரு ஆணையே அந்த அறிக்கையில் அவர் வைக்கவில்லை. ஆணையும் எண்தானே, அதன் மேலேயே கணக்குப் போட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்கிற ஆணையை இயந்திரமே தயாரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதாவது ஓடுகிற புரோகிராம், ஓடும்போதே தன் அடுத்த வரியைத் தானே எழுதிக்கொள்கிறது. அடிக்கடி வேண்டிய வேலைகளைத் தனித்தனி அட்டவணைகளாக எழுதி வைத்து வேண்டும்போது கூப்பிடவும் வழி செய்தார். கூப்பிடும்போது திரும்பி வர வேண்டிய இடத்தை ஞாபகம் வைக்க இரண்டு ஆணைத் தொகுப்புகள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர்களின் அர்த்தம் புதை, தோண்டு. பிள்ளைகள் இன்று ஸ்டாக் என்று படிப்பது அதைத்தான். வெள்ளிக் கட்டிகளைத் தோண்டி எடுக்க முடியாத மனுஷர் வைத்த பெயர்!

அதைவிட முக்கியம் ஒன்று. மனிதர் படிக்க ஒரு வடிவம், சேமித்து வைக்க ஒரு வடிவம், இயந்திரம் ஓட்ட ஒரு வடிவம் என்று ஆணைகளை அவர் பிரித்தார். சேமித்த வடிவத்திலிருந்து கடைசி வடிவத்தை உண்டாக்கும் சலிப்பான வேலையை அந்த இயந்திரமே செய்துகொள்ளலாம் என்றும் கண்டார். கம்பைலரின் விதை அது. 1947 பிப்ரவரி 20 அன்று லண்டன் கணிதச் சங்கத்தில் பேசும்போது இன்னும் ஒரு படி மேலே போனார். இயந்திரத்தைச் சுற்றி ஆணை எழுதும் எஜமானர்களும் அட்டை செருகும் சேவகர்களும் இருப்பார்கள், முதலில் சேவகர் வேலை இயந்திரத்துக்குப் போகும், பிறகு எஜமானர் வேலையும் போகும் என்றார். அந்த எஜமானர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்கும் புரியாத பாஷையில் பேசி மிரட்டுவார்கள் என்றும் கேலியாகக் கோடி காட்டினார். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கும் நம் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

சர்க்கார் இலாகா வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. திட்டம் நகரவில்லை. வெறுத்துப்போய் டியூரிங் ஓட ஆரம்பித்தார், நிஜமாகவே. 1947-ல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிஷத்தில் முடித்தார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் திட்டத்தின் சிறிய உருவம் டெடிங்டனில் ஓட ஆரம்பித்தது 1950 மே மாதத்தில்தான். அதற்குள் 1948 ஜூன் 21-லேயே மான்செஸ்டரில் வில்லியம்ஸும் கில்பர்னும் கட்டிய குட்டி இயந்திரம், தன் நினைவகத்தில் இருந்த ஆணைகளை ஓட்டிக் காட்டிவிட்டது.

மான்செஸ்டரில் புரோகிராம் எழுத டியூரிங் ஒரு கையேடு தயாரித்தார். படித்தவர்கள் திணறினார்கள். எண்களை 32-ஐ அடிப்படையாகக் கொண்ட தந்திக் குறியீட்டில், அதுவும் சிறிய இலக்கம் முதலில் வருமாறு தலைகீழாக எழுத வேண்டும். அவருக்கு அது பழகிவிட்டதால் மற்றவர்களுக்கும் பழகிவிடும் என்று நினைத்தார். நல்ல அறிவாளி, நல்ல வாத்தியார் என்று சொல்ல முடியாது. 1952-ல் அதே இயந்திரத்துக்கு அலிக் கிளென்னி என்பவர் ஆட்டோகோட் என்ற கம்பைலர் எழுதி இந்தத் தொல்லையைக் குறைத்தார். அதே வருஷம் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும் தன் முதல் கம்பைலரை ஓட்டினார்.

ஆனால் டியூரிங் கவனம் வேறு இடத்தில் இருந்தது. எழுதிய புரோகிராம் சரி என்று எப்படி நம்புவது? எல்லாவற்றுக்கும் ஒரே இன்ஸ்பெக்டர் கிடையாது என்று 1936-ல் நிரூபித்தவரே, அப்படியானால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதை எழுதியவரே சாட்சி சொல்ல வேண்டும் என்று 1949 ஜூனில் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் ஒரு வழி காட்டினார். பெரிய கூட்டல் கணக்கில் ஒவ்வொரு பத்திக்கும் மிச்சம் எவ்வளவு என்று எழுதி வைத்தால், சரிபார்ப்பவர் பத்தி பத்தியாகத் தனித்தனியே பார்த்துவிடலாம் அல்லவா? அது மாதிரி புரோகிராமில் இந்த இடத்தில் இது உண்மையாக இருக்கும் என்று அங்கங்கே எழுதி வையுங்கள் என்றார். மூன்று பக்கக் கட்டுரை. பல வருஷம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளி ஆசிரியர் புரோகிராம் எழுத ஆசைப்பட்டு வந்தபோது, அந்த இயந்திரமே தன்னைப் போல் நடந்து காட்டி, இன்னொரு புரோகிராமை வரி வரியாகப் பரிசோதிக்கும்படி ஒன்று எழுதிப் பாரும் என்று யோசனை சொன்னதும் டியூரிங்தான். சுமார் ஆயிரம் ஆணைகள். ஸ்ட்ரேச்சி எழுதியே விட்டார். முடிவில் இயந்திரம் தன் ஊதலால் அவர்கள் தேசிய கீதத்தையும் இசைத்தது.

1952 ஜனவரியில் டியூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் சொல்லப் போனார். விசாரணையில் அவருக்கு ஓர் ஆணுடன் உறவு இருப்பது தெரியவந்தது, அவரும் மறைக்கவில்லை. அன்றைய இங்கிலாந்து சட்டப்படி அது குற்றம். ஜெயிலா, ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி மருந்தா என்று கேட்டார்கள். மருந்தை ஏற்றுக்கொண்டார். யுத்தத்தில் நாட்டைக் காப்பாற்றிய ரகசியங்கள் தெரிந்த மனுஷரை அந்த ரகசிய இலாகா இனி வேண்டாம் என்று ஒதுக்கியது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். 41 வயது. தற்கொலை என்று விசாரணை அதிகாரி எழுதினார். ரசாயனப் பரிசோதனையில் நேர்ந்த விபத்து என்று அம்மா கடைசி வரை நம்பினார்.

இனி அந்தத் துறைமுகக் கடிதத்துக்கு வருவோம். டியூரிங் இறந்து சில வருஷங்களில் ஜான் மெக்கார்த்தி உண்டாக்கிய லிஸ்ப் மொழியில் புரோகிராமும் தகவலும் ஒரே மாதிரியான பட்டியல்கள். ஓடுகிற புரோகிராம் ஒரு பட்டியலைக் கட்டி, இதை இப்போதே செய் என்று மொழியிடமே கொடுத்துவிடலாம். 1968-ல் கென் தாம்சன், தேட வேண்டிய சொல்லின் அமைப்பைக் கொடுத்ததும் அதற்கென்றே இயந்திர ஆணைகளை அங்கேயே தயாரித்துத் தேடும் முறையை வெளியிட்டார். இன்று நம் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதோடு வருகிற ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை உள்ளே இருக்கும் கம்பைலர் ஓடும்போதே இயந்திர ஆணைகளாக மாற்றுகிறது. உள்ளே நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வரியைப் படித்து இலக்கணம் பார்த்து, இயந்திர ஆணைகளாக மாற்றி, நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதி, அந்த இடம் இனித் தகவல் அல்ல, ஆணை என்று குறித்துவிட்டு, அங்கே தாவுவது. சி-யில் செய்பவர்கள் ஃபைலில் எழுதி, கம்பைலரைத் தனி வேலையாக ஓட்டி, வந்த லைப்ரரியை ஏற்றிக்கொள்கிறார்கள். சுற்று வழி, ஆனால் சரக்கு அதேதான்.

வில்லங்கம் என்று சொன்னேனே, அது இங்கேதான். நம் துறைமுகத்தில் ஒரு பெட்டி சந்தேகமாக இருந்தால் கஸ்டம்ஸ்காரர் திறந்து பார்த்துவிடுவார். வெளியிலிருந்து வந்த புரோகிராமைத் திறந்து வரிக்கு வரி படித்தாலும், அது என்ன செய்யும், நிற்குமா நிற்காதா என்று எல்லாச் சமயத்திலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பது நம் சாமர்த்தியக் குறைவு இல்லை, 1936-ல் நிரூபணமான விஷயம். யாரோ ஃபாரத்தில் டைப் செய்த வரியை அப்படியே கம்பைலரிடம் கொடுத்து ஓட்டும் புராஜெக்ட் இருந்தால், அந்த யாரோ டேட்டாபேஸை அழி என்று டைப் செய்தாலும் அது ஓடும். அதனால் பரிசோதனையை மட்டும் நம்பாமல் வேலி போடுகிறார்கள். இத்தனை வினாடிக்குள் முடியாவிட்டால் நிறுத்து, இந்த ஃபைலைத் தவிர வேறு தொடாதே, நெட்வொர்க் கிடையாது என்று தனி அறையில் ஓட்டுகிறார்கள். 2003, 2004 வாக்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டங்களும் பிராசஸர்களும் இன்னொன்று செய்தன. எழுதக்கூடிய இடத்தில் ஓடக்கூடாது, ஓடக்கூடிய இடத்தில் எழுதக்கூடாது என்று நினைவகப் பக்கங்களைப் பிரித்தன. டியூரிங் ஒரே நாடாவில் சேர்த்து வைத்த இரண்டுக்கும் நடுவில் திரும்பவும் ஒரு சுவர். கம்பைலரைக் கூப்பிடுகிற புரோகிராம்கள் மட்டும் அனுமதி கேட்டு அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள்கின்றன. புரோகிராமுக்குள் கம்பைலரைக் கூப்பிடும் நம் மாணவர்கள், தங்கள் கதவு எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்று வைவாவில் ஒரு முறையாவது சொல்லிப் பழகினால் நன்றாக இருக்கும்.

டியூரிங்கிடம் நடந்துகொண்ட விதத்துக்கு 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் ராணி மன்னிப்பு ஆணை வழங்கினார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா, மகன் போன பிறகு அவன் பள்ளிக்கூட ரிப்போர்ட், கடிதம், கட்டுரை எல்லாவற்றையும் சேகரித்து, 1959-ல் அவன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு 78 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. யுத்தகால வேலை அன்றும் அரசாங்க ரகசியம் என்பதால் அதைப் பற்றி அவரால் அதிகம் எழுத முடியவில்லை. எனிக்மா விஷயம் 1974 வாக்கில் வெளியே வந்தது. அம்மா 1976-ல் காலமானார். அந்தப் புத்தகத்தை 2012-ல், மகனின் நூற்றாண்டின்போது, அண்ணன் ஜான் எழுதி வைத்திருந்த நினைவுகளையும் சேர்த்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.